சாட்சி கைகளால் காட்டுகிறார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

நீதிபதிகளின் ஆண்டு இடமாற்றச் செய்தி பத்திரிகையில் வரும் நாட்களில், எங்கள் வீட்டில் மரண அறிவித்தல்களுக்கும் முன்னதாக அதைத்தான் தேடி வாசிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் காணி வழக்கு உள்ள பல வீடுகளில் இதே நிலைதான் என்று நினைக்கிறேன். எங்கள் வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் பெயர் அதில் இருந்தால், வரப்போகும் ஆண்டு எங்களுக்கு எப்படிக் கழியும் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்தருள வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. முப்பத்தொரு ஆண்டுகள் வலிகாமத்துப் பாடசாலைகளில் கற்பித்தேன். இப்போது வயது அறுபத்தெட்டு. ஒரு பிரிவிடல் வழக்கில் நான் ஏழாம் எதிராளி. எதிராளி என்பதால் எவரோடும் பகை என்று பொருளில்லை. பங்காளிகளுள் ஒருவர் முன்வந்து காணியைப் பிரித்துத் தரும்படி மன்றத்தைக் கேட்டால் அவர் வழக்காளி, மிச்சப் பங்காளிகள் அனைவரும் எதிராளிகள். வழக்காளி என் ஒன்றுவிட்ட தமையன். தவணைக்கு, அதாவது வழக்குக் கூப்பிடப்படும் நாளில், போகும்போது இருவரும் ஒரே பஸ்ஸில்தான் போய்வருகிறோம்.

வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆகவே நியாயம் யார் பக்கம் என்று எழுதுவது முறையல்ல, எழுதவும் மாட்டேன். எந்த மன்றம், எந்த நீதிபதி என்பதையும் குறிப்பிடப் போவதில்லை. இதுவரை எங்கள் வழக்கைக் கையில் எடுத்த மூன்று நீதிபதிகளும் பொறுமையாகவும் மரியாதையாகவும்தான் நடத்தினார்கள். அப்படிப்பட்ட மூவரின் கைகளினூடாகவும் ஒரு முக்கியமான சாட்சியம் நழுவிப் போயிற்று. அது எப்படி நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

காணி எங்கள் அப்புவின் முதுசம். நொத்தாரிசு முடித்த உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், பன்னிரண்டு பரப்பு என்றும், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் உண்டென்றும் எழுதியிருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு போருக்கு அஞ்சி வலிகாமமே எழுந்து நடந்தபோது, அந்த உறுதி பொலித்தீன் பைக்குள் மடித்தபடி என் இடுப்பில் சேலைக்குள் இருந்தது. நாவற்குழிப் பாலத்தில் மழையில் மணிக்கணக்காக நின்றபோது பிள்ளையை ஒரு கையாலும் உறுதியை மறு கையாலும் பிடித்திருந்தேன். 1996 இல் திரும்பி வந்து பார்த்தால் வீட்டுக்குக் கூரை இல்லை, காணிக்கு வேலி இல்லை. வேலிக்கு நட்டிருந்த மரக் கதியால்களை யாரோ விறகுக்குத் தறித்திருந்தார்கள். பின்னர் அவரவர் வசதிக்கு ஏற்ப வேலிகள் எழுந்தன. மேற்குப் பக்கத்தில், கிணற்றடிக்குப் போகும் ஒழுங்கையோரமாக எழுந்த வேலி பழைய இடத்தில்தான் நிற்கிறதா என்பதே வழக்கின் பெரிய கேள்வி.

2011 இல் வழக்குத் தாக்கல் செய்யப்பட்டது. மன்றம் நில அளவையாளருக்கு ஆணை கொடுத்து, அவர் வந்து அளந்து முதனிலைப் படம் வரைந்தார். படத்தின்படி காணி பதினொரு பரப்பும் பதினான்கு குழியும். பரப்புக்குப் பதினெட்டுக் குழி என்பதால் உறுதிக்கும் படத்துக்கும் நான்கு குழி வித்தியாசம். வெளியூரார் இதைக் கேட்டால் நான்கு குழிக்கா பதினான்கு ஆண்டு என்பார்கள். பத்துப் பேர்ச் ஒரு பரப்பு என்று வைத்துக் கணக்கிட்டால் நான்கு குழி ஏறக்குறைய அறுநூற்றைந்து சதுர அடி. எங்கள் மேற்கு எல்லையின் நீளம் நூற்றைம்பது அடி. வகுத்துப் பாருங்கள், நான்கு அடி வரும். ஒழுங்கை ஆதியில் நான்கு அடியாக இருந்ததா, எட்டு அடியாக இருந்ததா என்ற ஒன்றைத் தீர்த்தால் போதும், அந்த நான்கு குழி எங்கே போயிற்று என்பது தானாகத் தெரிந்துவிடும்.

அதைச் சொல்லக்கூடிய மனிதர் ஒருவர் உயிரோடு இருந்தார். அப்பாவின் தம்பி, எங்கள் குஞ்சையா. 1933 இல் அந்தக் காணியிலேயே பிறந்தவர். இருபது வயதிலிருந்து அந்த வேலியை அடைத்தவர். 1964 மார்கழிப் புயலில் மேற்குப் பக்கத்துப் பூவரசுகள் இரண்டு சாய்ந்தபோது, புதுக் கதியால் வெட்டி நட்டவரும் அவர்தான். வழக்குப் போட்ட நாளில் அவருக்கு எழுபத்தெட்டு வயது. அவர் சாட்சிக் கூண்டில் ஏறும்போது எண்பத்துநான்கு.

இடையில் ஏன் ஆறு ஆண்டுகள் என்றால், ஒரு பங்காளி கனடாவில், ஒருவர் பாரிஸில், அழைப்பாணை போய்ச் சேரவில்லை, அவர்களுக்காக இங்கே ஒருவர் நிற்பதற்கான அற்றோணித் தத்துவம் வந்து சேரவில்லை, ஒருவர் இறந்தார், அவருடைய பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் தெரிந்த கதை.

2017 இல் அந்த நாள் வந்தது. குஞ்சையா விடியவே குளித்து, வேட்டி சால்வையோடு திருநீறு பூசி வாசலில் காத்திருந்தார். நீதிமன்ற முதலியார் பெயரைக் கூப்பிட்டதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்க் கூண்டின் விளிம்பை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். நீதிபதி கதிரை கொண்டுவரச் சொன்னார். குஞ்சையா, "நின்றே சொல்கிறேன் ஐயா" என்றார்.

சட்டத்தரணி கேட்டார்: "நீங்கள் அறிந்த காலத்தில் அந்த ஒழுங்கை எவ்வளவு அகலம்?"

குஞ்சையா கூண்டின் விளிம்பிலிருந்து கைகளை எடுத்தார். முழங்கைகளைச் சற்று மடித்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்தார். விரல்கள் நடுங்கின. "இவ்வளவுதான் ஐயா. தண்ணிக் குடத்தோடு இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் வேலியோடு ஒதுங்கி நிற்க வேண்டும்."

நீதிபதி முன்னால் சாய்ந்து அந்தக் கைகளைப் பார்த்தார். இடது கையிலிருந்து வலது கைவரை அவருடைய பார்வை போனதை நான் பின்வாங்கிலிலிருந்து கண்டேன். தலையசைத்தார். பிறகு படத்தைக் குஞ்சையாவிடம் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியை மாட்டி, படத்தைத் திருப்பிப் பிடித்துக் கிணற்றைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்து ஒரு கோடு போல விரலை நகர்த்தினார். "வேலி இங்கிருந்து இங்கு மட்டும் நின்றது."

குறுக்கு விசாரணை இரண்டு மணித்தியாலம் நடந்தது. தடுமாறவில்லை. தெரியாததைத் தெரியாது என்றார். வீட்டுக்கு வந்து, "என் கடமை முடிந்தது பிள்ளை" என்று சொல்லிப் படுத்தவர் மறுநாள் மத்தியானம் வரை எழும்பவில்லை.

சில ஆண்டுகள் கழித்து வழக்கேட்டின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்தேன். அன்றைய சாட்சியம் பதினோரு தட்டெழுத்துப் பக்கம். ஒழுங்கையின் அகலம் கேட்கப்பட்ட இடத்தில் இப்படி இருக்கிறது: "இவ்வளவுதான். சாட்சி கைகளால் காட்டுகிறார்." படத்தைக் காட்டிய இடத்தில்: "வேலி இங்கிருந்து இங்கு மட்டும் நின்றது. சாட்சி படத்தில் காட்டுகிறார்." அவ்வளவுதான். அடிக்கணக்கு இல்லை. படத்தில் ஒரு புள்ளியோ எழுத்தோ இல்லை. அன்று சுருக்கெழுத்தாளர் தலை நிமிராமல் காதில் விழுந்ததை எல்லாம் எழுதினார், அவருடைய வேலை அது. காதில் விழாததை எழுத்தாக்கிக் கொடுக்க வேண்டியவர்கள் கண்டவர்கள். எங்கள் சட்டத்தரணி கண்டார், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கண்டார், நீதிபதியும் கண்டார். "சாட்சி ஏறத்தாழ நான்கு அடி அகலம் காட்டுகிறார்" என்றோ, "ஏழு அடி காட்டுகிறார்" என்றோ ஒருவராவது வாய் திறந்து சொல்லியிருந்தால் அது பதிவாகியிருக்கும்.

2018 பிறந்ததும் அந்த நீதிபதி மாற்றலாகிப் போனார். 2019 இல் குஞ்சையா காலமானார். இரண்டாவது நீதிபதி வழக்கேட்டைப் படித்து முடித்து விசாரணையைத் தொடரும்போது கொரோனா வந்து மன்றங்கள் மூடின. அவரும் மாற்றலானார். மூன்றாவது நீதிபதி வழக்கேட்டை மிகக் கவனமாகப் படித்திருந்தார் என்பது அவர் கேட்ட முதற் கேள்வியிலேயே தெரிந்தது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே, "கைகளால் காட்டுகிறார் என்று இருக்கிறதே, எவ்வளவு காட்டினார்?" என்று இரு தரப்பையும் கேட்டார்.

எங்கள் சட்டத்தரணி நான்கு அடி என்றார். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஏழு அடிக்குக் குறையாது என்றார். இரண்டு பேரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஐந்து ஆண்டுக்கு முந்திய ஒரு கணம், ஒவ்வொருவர் நினைவிலும் ஒவ்வொரு அளவாக நின்றுவிட்டது. பின்வாங்கிலில் இருந்த நான் எழுந்து சொல்ல முடியாது. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவே, சட்டம் படிக்கும் என் தங்கையின் மகளைக் கூப்பிட்டு இருத்தி, இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். அவள் புத்தகங்களைக் கொண்டுவந்து பிரிவு பிரிவாக வாசித்துக் காட்டினாள். அன்று அறிந்தவற்றை, என்னைப் போல் தவணைக்கு அலையும் மற்றவர்களும் அறிய வேண்டும்.

1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 48 ஆம் பிரிவு, ஒரு நீதிபதியின் இடத்துக்கு வருபவர் முன்னவர் பதிந்த சாட்சியத்தை வைத்தே வழக்கைத் தொடரலாம் என்கிறது. தனக்குச் சரியென்று பட்டால் சாட்சிகளை மீண்டும் அழைத்துப் புதிதாகத் தொடங்கவும் அதிகாரம் உண்டு. நல்ல ஏற்பாடுதான். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாற்றத்தோடும் ஒவ்வொரு வழக்கும் முதலில் இருந்து தொடங்க வேண்டிவரும். ஆனால் மீண்டும் அழைப்பதற்குச் சாட்சி உயிரோடு இருக்க வேண்டுமே. காணி வழக்கில் முக்கியமான சாட்சி எப்போதும் ஊரிலேயே வயது கூடியவர்தான். சுடலைக்குப் போனவரை எந்தப் பிரிவின் கீழும் அழைக்க முடியாது.

இன்னொன்றையும் தங்கையின் மகள் சொன்னாள். வழக்கை முதலில் விசாரிக்கும் விளக்க நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து மேலே போனால், யாருடைய சாட்சியம் நம்பத்தக்கது என்ற விடயத்தில் மேல் நீதிமன்றங்கள் எளிதில் கைவைப்பதில்லை. சாட்சியைக் கண்ணால் கண்டு காதால் கேட்டவர் விளக்க நீதிபதி, அந்த வாய்ப்பு எங்களுக்கு இல்லை என்பதுதான் காரணம். எவ்வளவு நேர்மையான காரணம்! ஆனால் எங்கள் வழக்கில் தீர்ப்பு எழுதப்போகிறவர் குஞ்சையாவைக் காணவில்லை. அவருடைய குரலைக் கேட்கவில்லை. அவர் கையில் இருப்பதும் மேல் நீதிபதிகள் கையில் இருக்கப்போவதும் அதே பதினோரு தட்டெழுத்துப் பக்கம்தான். கண்டவருக்குக் கொடுக்கும் மதிப்பை, காணாதவரின் தீர்ப்புக்கு எந்த நியாயத்தில் கொடுப்பது? 2006 ஆம் ஆண்டின் 54 ஆம் இலக்கச் சட்டத்தால் குடியியல் மேன்முறையீடுகளை யாழ்ப்பாணத்திலேயே கேட்கும் வசதி வந்தது, கொழும்புக்கு அலைச்சல் குறைந்தது. மேன்முறையீட்டு அறிவித்தலைப் பதினான்கு நாளுக்குள்ளும் மனுவை அறுபது நாளுக்குள்ளும் கொடுக்க வேண்டும் என்று கண்டிப்பான கணக்கும் உண்டு. எல்லாம் ஒழுங்காக இருந்தும், அங்கே போய்ச் சேரும் காகிதத்தில் "இவ்வளவுதான்" என்பதற்கு அளவு இல்லை.

பிரிவிடல் வழக்கில் இது சாதாரணக் குறை அல்ல. மற்ற வழக்குகளில் இரு தரப்பும் எழுப்பும் வினாக்களுக்கு நீதிபதி விடை சொன்னால் போதும். பிரிவிடல் வழக்கில் அப்படியல்ல. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, ஒவ்வொரு பங்காளியின் உரித்தையும் நீதிபதியே ஆராய வேண்டும் என்று கடமை விதிக்கிறது. கட்சிக்காரர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்டார்கள் என்பதற்காக மன்றம் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. 1903 இலேயே மாதர் எதிர் தாமோதரம்பிள்ளை வழக்கில் எங்கள் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஏன் இவ்வளவு கண்டிப்பு? அதே பிரிவிடல் சட்டத்தில் இன்னொரு 48 ஆம் பிரிவு இருக்கிறது. பிரிவிடல் தீர்ப்பாணை முடிவானது, வழக்கில் சேராதவரையும் கட்டுப்படுத்தும் என்பது அதன் சாரம். பேரப்பிள்ளைகள் காலத்தில் யாராவது வந்து இது பிழை என்றாலும் அசைப்பது கடினம். ஒரு 48, காணாத சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத இடம் தருகிறது. மற்ற 48, அந்தத் தீர்ப்பைக் கல்லில் வெட்டிய எழுத்தாக்குகிறது. இரண்டும் ஒரே வழக்கில் சந்திக்கும்போது நடுவில் எங்களைப் போன்ற இருபத்து மூன்று பேர் நிற்கிறோம்.

நீதிபதிகளை மாற்றவே கூடாது என்று நான் கேட்கவில்லை. சிறிய ஊரில் ஒருவர் நீண்ட காலம் இருந்தால் உறவும் பழக்கமும் வந்துவிடும், அது நீதிக்கு நல்லதல்ல என்பது எனக்கு விளங்குகிறது. ஆசிரியர்களாகிய நாங்களும் மாற்றலாகித்தான் போனோம். ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில் கணித ஆசிரியரை மாற்ற எந்த அதிபரும் விடமாட்டார். அதுபோல், சாட்சியம் முடிந்து தீர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கும் வழக்கையும், எண்பது வயது கடந்தவர் சாட்சி சொல்லிவிட்ட வழக்கையும் முடிப்பதற்கென்று, மாறிப்போன நீதிபதி சில நாட்கள் பழைய மன்றத்துக்கு வந்து அமரும்படி நீதிச் சேவை ஆணைக்குழு செய்ய வேண்டும். எல்லா வழக்குக்கும் கேட்கவில்லை. ஒவ்வொரு மன்றத்திலும் இத்தகைய வழக்குகள் எத்தனை என்று பதிவாளரைக் கேட்டு எண்ணிப் பார்த்த பிறகே இடமாற்றத் திகதியைக் குறிக்கலாம்.

அது ஆணைக்குழு செய்ய வேண்டியது, காலம் எடுக்கும். நாளை காலையே தொடங்கக்கூடியது ஒன்று இருக்கிறது. சாட்சி கையால் காட்டினால், தலையை ஆட்டினால், படத்தில் விரல் வைத்தால், அதை அந்த இடத்திலேயே சொல்லாக்கிப் பதியச் செய்யுங்கள். அகலம் காட்டினால் அடிக்கோலை வைத்து அளந்து எழுதுங்கள். படத்தில் காட்டினால் தொடங்கிய இடத்துக்கு ஓர் எழுத்து, முடிந்த இடத்துக்கு ஓர் எழுத்து, சிவப்பு மையில். இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 165 ஆம் பிரிவு, உண்மையை அறிவதற்காக நீதிபதி எந்தச் சாட்சியிடமும் எந்த நேரத்திலும் எந்தக் கேள்வியும் கேட்கலாம் என்கிறது. "பெரியவர், நீங்கள் காட்டுவது எத்தனை அடி இருக்கும்?" என்று நீதிபதி ஒரு கேள்வி கேட்டிருந்தால் குஞ்சையா சொல்லியிருப்பார். அவர் அடிக்கணக்கு அறியாதவரல்லர். வேலி அடைப்பவருக்கு அடி தெரியாமல் இருக்குமா?

சட்டத்தரணிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பொறுப்பில் பாதி உங்களுடையது. தனக்குச் சாதகமான சைகை என்றால் அதை உடனே சொல்லில் பதிவாக்க வேண்டியவர் அந்தத் தரப்புச் சட்டத்தரணி. அளவு கூடிவிட்டது என்று எதிர்த்தரப்பு நினைத்தால் அங்கேயே மறுக்கட்டும், நீதிபதி பார்த்துத் தீர்க்கட்டும். ஐந்து ஆண்டு கழித்து இருவரும் நினைவிலிருந்து வாதாடுவதைவிட அது எவ்வளவோ மேல். எங்களிடம் தவணைக்குத் தவணை காசு வாங்குகிறீர்கள் என்று குறையாகச் சொல்லவில்லை, உங்கள் உழைப்புக்கு அது உரியது. இந்த ஒரு வரியையும் அந்த உழைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் மனம் நொந்த விடயம் வேறொன்று. குடியியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவை 1889 ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் இருக்கிறது. அதன் 178 ஆம் பிரிவைத் தங்கையின் மகள் வாசித்தபோது எனக்கு நெஞ்சு அடைத்தது. சாட்சி ஒருவர் மன்றத்தின் நியாயாதிக்க எல்லையை விட்டுப் போகப்போகிறார் என்றாலோ, உடனே சாட்சியம் பெறுவதற்கு வேறு தக்க காரணம் காட்டப்பட்டாலோ, வழக்குத் தாக்கல் செய்த பின் எந்த நேரத்திலும் மன்றம் அவருடைய சாட்சியத்தை எடுத்துக்கொள்ளலாம். தரப்பாரும் கேட்கலாம், சாட்சியே கேட்கலாம். அப்படியென்றால் 2011 இலேயே, கனடாவிலிருந்து அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திராமல், எழுபத்தெட்டு வயதுக் குஞ்சையாவின் சாட்சியத்தை எடுக்கும்படி நாங்கள் விண்ணப்பித்திருக்கலாம். காணிக்கு நடந்தே போய் வேலி நின்ற இடத்தைக் காலால் மிதித்துக் காட்டக்கூடிய தெம்பு அப்போது அவருக்கு இருந்தது. எங்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஆறு ஆண்டுகள் அவரை வாசல் விறாந்தையில் இருத்திவைத்தோம்.

ஆகவே இதை வாசிப்பவர்களிடம் கேட்கிறேன். உங்கள் வீட்டில் காணி வழக்கு இருந்து, எல்லை தெரிந்த பெரியவர் ஒருவரும் இருந்தால், அடுத்த தவணைக்கு முன்பே உங்கள் சட்டத்தரணியிடம் போய் 178 ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க முடியுமா என்று கேளுங்கள். அதோடு இன்னொன்று. பிரிவிடல் வழக்கில் ஒவ்வொரு தரப்பாரும், தாம் இறந்தால் வழக்கில் தம் இடத்தில் நிற்க ஒருவரையாவது, கூடினால் மூன்று பேரை, வரிசைப்படி பெயர் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று பிரிவிடல் சட்டத்தின் 81 ஆம் பிரிவு சொல்கிறது. எங்கள் இருபத்து மூன்று பேரில் இதுவரை ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். அந்தத் தாளை ஒழுங்காகக் கொடுத்திருந்தவர் ஒருவர் மட்டுமே. அவருடைய இடத்துக்கு அடுத்த தவணையிலேயே அவர் மகள் வந்து நின்றாள். மற்ற நால்வருக்கும் போன தவணைகளை நான் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன், பதினேழு.

நீதிபதிகளை நோக்கி இன்னொரு சிறிய வேண்டுகோளும் உண்டு. தவணை போடும்போது காரணத்தை எங்களுக்கும் கேட்கும்படி ஒரு வசனத்தில் சொல்லுங்கள். வடக்கில் மன்றத்தின் மொழி தமிழ். ஆனாலும் சட்டத்தரணிகளும் நீதிபதியும் தாழ்ந்த குரலில் பேசி முடித்து, முதலியார் ஒரு திகதியை மட்டும் உரத்துச் சொல்லும்போது, தீவகத்திலிருந்து முதற் பஸ் பிடித்து வந்த மனிசி என்ன நடந்தது என்று தெரியாமலே திரும்பிப் போகிறாள். எங்கள் வழக்கின் இப்போதைய நீதிபதி ஒருமுறை, "அம்மா, அளவையாளர் சுகமில்லாமல் இருக்கிறார், அதனால்தான்" என்று எங்கள் பக்கம் பார்த்துச் சொன்னார். அன்று வீட்டுக்கு வரும் வழி முழுக்க எனக்கு மனம் அமைதியாக இருந்தது.

அடுத்த தவணையில் என்னுடைய சாட்சியம் எடுக்கப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள். 1995 க்கு முந்திய ஒழுங்கையில் நடந்தவர்களில் இன்று மிஞ்சியிருப்பது நானும் வழக்காளியான தமையனும்தான். சென்ற ஞாயிற்றுக்கிழமை நூறு அடி நாடாவும் கொப்பியும் கொண்டு காணிக்குப் போனேன். தமையனும் வந்து நாடாவின் மறு நுனியைப் பிடித்தார். கிணற்றுக் கட்டிலிருந்து பழைய பூவரசு நின்ற இடத்துக்கு எத்தனை அடி, அங்கிருந்து இப்போதைய வேலிக்கு எத்தனை அடி, எல்லாவற்றையும் அளந்து திகதியோடு எழுதி வைத்திருக்கிறேன். பூவரசின் அடிக்கட்டை மண்ணுக்குள் இன்னும் இருக்கிறது, கால் வைத்தால் தட்டுப்படுகிறது. கூண்டில் ஏறியதும் கைகளை விளிம்பிலேயே வைத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கு அடியிலும் அங்குலத்திலும் பதில் சொல்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
வலிகாமம், யாழ்ப்பாணம்.